டைரன் பவர்: அழகன் என்ற ஒரே வேடம்

அவைக்கு வணக்கம்.

ஹாலிவுட் நடிகர் டைரன் பவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அந்த வாள்சண்டை நடிகர்தானே?" என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். அவரேதான். அந்த அடையாளம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1958 நவம்பர் 15 அன்று மாட்ரிட் நகரில் 'சாலமன் அண்ட் ஷீபா' படத்துக்காக ஜார்ஜ் சாண்டர்ஸோடு வாள்சண்டைக் காட்சியில் நடித்துக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது. வயது 44. யுல் பிரின்னரை வைத்துப் படத்தை முடித்தார்கள்.

இத்தனைக்கும் நடிப்பு அவருக்குக் குடும்பத் தொழில். கொள்ளுத்தாத்தாவின் பெயரும் டைரன் பவர். அயர்லாந்தின் புகழ்பெற்ற மேடை நடிகர், 1841இல் அட்லாண்டிக் கடலில் கப்பலோடு மறைந்தவர். தந்தையின் பெயரும் அதுவே. அவரும் மேடையிலும் மௌனப் படங்களிலும் நடித்தவர். 1931இல் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே மகனின் கைகளில் உயிர் துறந்தார். அந்த மகன் கனவு கண்டதும் மேடையைத்தான். கிடைத்ததோ ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற பட ஸ்டுடியோ. 1936இல் ஹென்றி கிங் இயக்கிய 'லாயிட்ஸ் ஆஃப் லண்டன்' வெளிவந்தபோது பவருக்கு 22 வயது. ஒரே படத்தில் நட்சத்திரமாகிவிட்டார். அடர்ந்த புருவம், கறுத்த விழி, பெண்கள் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய முகம். ஸ்டுடியோ தலைவர் டாரில் ஸனுக்குக்கு அது போதுமானதாக இருந்தது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் காலத்து ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதை, யார் ஜோடி என்பதையெல்லாம் ஸ்டுடியோ முடிவுசெய்யும். நடிகர் மறுத்தால் சம்பளம் நிற்கும். சும்மா இருந்த நாட்கள் அளவுக்கு ஒப்பந்தமும் நீளும். வேறு ஸ்டுடியோவுக்கு நடிகரை இரவல் கொடுக்கவும் செய்வார்கள். 1938இல் 'மரி ஆந்த்வானெத்' படத்துக்காக பவரை எம்.ஜி.எம். நிறுவனத்துக்குக் கொடுத்தார் ஸனுக். கதாநாயகி நார்மா ஷீரருக்குப் பக்கத்தில் அழகாக நிற்பதைத் தவிர அங்கே அவருக்குப் பெரிய வேலை இல்லை. அதைப் பார்த்து ஸனுக் எடுத்த முடிவு, இனி இவரை வெளியே அனுப்புவதில்லை என்பது. நல்ல வேடமாகப் பார்த்துக் கொடுப்போம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. 1937இல் 'லவ் இஸ் நியூஸ்' படத்தில் பணக்காரப் பெண்ணைத் துரத்தும் பத்திரிகையாளராக நடித்த பவர், 11 ஆண்டுகள் கழித்து அதே கதையின் மறு ஆக்கமான 'தட் வொண்டர்ஃபுல் அர்ஜ்' படத்தில் அதே பத்திரிகையாளராக மறுபடியும் நடிக்க வேண்டியிருந்தது. கதாநாயகி மாறினார், இவருக்கு அந்த விடுதலைகூட இல்லை.

அப்படியானால் பவர் நல்ல நடிகரா? படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு இது. நல்லவனாக மட்டும் நடிக்கச் சொன்னால் பவர் மரமாகிவிடுவார். அந்த அழகு யாரையோ ஏமாற்றுவதற்காகப் பயன்படுகிறது என்று கதை சொன்னால், அங்கே ஒரு முதல்தர நடிகர் எழுந்து வருவார்.

'தி மார்க் ஆஃப் ஸாரோ' (1940) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வில்லன் பேசில் ராத்போனோடு நடக்கும் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். அது பிரமாதமான சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் முகமூடி வீரன் ஸாரோ பகலில் டான் டியேகோவாக வருவதைக் கவனியுங்கள். கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, பெற்ற தந்தையே வெட்கித் தலைகுனியும்படி சோம்பேறிச் சீமானாக நடிக்கிறார். நடிக்கும் ஒருவனாக நடிப்பது எளிதல்ல. முகமூடி அணிந்த இரவுகளைவிட அந்தப் பகல்கள்தான் எனக்குப் பிடித்தவை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'தி ரெயின்ஸ் கேம்' நேர் எதிர். ராஞ்சிபூர் என்ற கற்பனைச் சமஸ்தானத்தில் ராம சாஃப்டி என்ற இந்திய மருத்துவராக, முகத்தில் பழுப்புச் சாயமும் தலையில் தலைப்பாகையுமாக வருகிறார். தியாகமே உருவானவர், ஆகவே உயிரே இல்லை. சிறப்புக் காட்சிகளுக்கான முதல் ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்குத்தான் போயிற்று. அதில் நன்றாக நடித்தது வெள்ளமும் நிலநடுக்கமும்தான் என்பது என் கருத்து.

போர் வந்தது. 1942இல் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து விமானியானார். 1945இல் இவோ ஜிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் சரக்கு ஏற்றிச்சென்று, காயம்பட்டவர்களை ஏற்றிவந்தார். திரும்பியவருக்கு வேறு வகை வேடங்கள் வேண்டியிருந்தன. முதலில் வந்தது 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' (1946). அதன் மூலமான நாவலை எழுதிய சாமர்செட் மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைச் சந்தித்தது நாம் அறிந்தது. அந்தச் சந்திப்பின் சாயல் அந்த நாவலின் குருவிடம் உண்டு. படத்தில் அந்தக் குரு ஸ்டுடியோ எழுப்பிய மலைச்சிகரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். மெய்ஞ்ஞானம் தேடும் லாரி என்ற நாயகனாக பவர் மனமார உழைத்தார். ஆனால் அமைதியடைந்த மனிதனை எப்படி நடித்துக்காட்டுவது? முகத்தில் ஒரு மெல்லிய ஒளி, அவ்வளவுதான். அந்தப் படத்தில் ஆஸ்கர் வாங்கியவர், குடித்துச் சீரழியும் பெண்ணாக நடித்த ஆன் பாக்ஸ்டர். பவருக்கோ வாழ்நாளில் ஒரு பரிந்துரைகூடக் கிடைத்ததில்லை.

அடுத்தது, அவரே விரும்பிக் கேட்ட 'நைட்மேர் ஆலி' (1947). 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' படத்தை இயக்கிய அதே எட்மண்ட் கூல்டிங்தான் இயக்குநர். ஸ்டான் கார்லைல் ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைக் கூடார வேலைக்காரன். மனத்தைப் படிப்பதாக ஏமாற்றி மேலே ஏறுகிறான்; பிறகு இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிப் பணக்காரர்களைச் சுரண்டுகிறான். பெண்களும் முதியவர்களும் நம்புவதற்குக் காரணம் அந்த முகம். பத்து ஆண்டுகளாக ஃபாக்ஸ் விற்றுக்கொண்டிருந்த அதே புன்னகையை இங்கே மோசடிக் கருவியாக்கிக் காட்டுகிறார். ஸனுக்குக்கு இது துளியும் பிடிக்கவில்லை. விளம்பரம் மெலிந்தது, படம் விழுந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 'கேப்டன் ஃப்ரம் காஸ்டீல்' வெளிவந்தது. மறுபடியும் வாள், மறுபடியும் குதிரை. தயாரிப்பாளருக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையிலான உரிமைச் சிக்கலால் 'நைட்மேர் ஆலி' 2005 வரை டிவிடியாகக்கூட வரவில்லை. ஒரு நடிகரின் மிகச் சிறந்த வேலை அத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்தால், உலகம் அவரை வாள்சண்டைக்காரர் என்று நினைப்பதில் வியப்பென்ன?

ஐம்பதுகளின் படங்களில் பலவற்றைத் தாண்டிச் செல்கிறேன், நீங்களும் தாண்டலாம். மூச்சு முட்டும்போதெல்லாம் அவர் மேடைக்கு ஓடினார். 1950இல் லண்டனில் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகம். பிறகு சார்லஸ் லாட்டன் இயக்கத்தில் 'ஜான் பிரவுன்ஸ் பாடி'. அந்த லாட்டனோடுதான் 1957இல் பில்லி வைல்டரின் 'விட்னஸ் ஃபார் தி ப்ராசிக்யூஷன்' படத்தில் நடித்தார். லாட்டன் வழக்கறிஞர், பவர் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட லெனர்ட் வோல். பணக்கார விதவை ஒருத்தி மயங்கியது அந்த முகத்தில்தான். இப்போது அது 43 வயது முகம், கொஞ்சம் ஊதியிருக்கிறது, நெற்றியில் வியர்வை. இவனை நம்பலாமா என்று நீதிமன்றம் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம். முடிவை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று படம் முடிந்ததும் ஒரு குரல் கேட்டுக்கொள்ளும். நான் இன்றும் அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆஸ்கர் பரிந்துரை லாட்டனுக்குப் போயிற்று. அவர் மனைவி எல்சா லான்செஸ்டருக்கும் போயிற்று. பவர் நடித்து முடித்த கடைசிப் படம் அது.

இப்போது திரையிடப்போவது 'நைட்மேர் ஆலி'. இறுதியில் வரும் ஆறுதலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டுடியோ பயந்துபோய் ஒட்டவைத்தது அது. அதற்குச் சற்று முன்னால், கந்தல் உடையில் ஸ்டான் ஒரு கூடார முதலாளியிடம் வேலை கேட்டு நிற்பான். என்ன வேலை என்று தெரியும் நொடியில் பவரின் முகத்தைப் பாருங்கள். படத்துக்கு மூலமான நாவல் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.