ஆரியங்காவு சுரங்கத்தை வைத்து ஒரு டிவி சோதனை: ஓஎல்இடியா, எல்சிடியா?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் மழை இல்லை, சாரல் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் எங்கள் செங்கோட்டையில் இப்படித்தான் கதவையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். மைக்கில் இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு டிவி பேசலாம். ஓணம் நெருங்குகிறது, புனலூர், கொல்லம் பக்கம் ஆஃபர் போட ஆரம்பித்துவிடுவார்கள், ஓஎல்இடி வாங்கலாமா, எல்சிடி போதுமா என்று ஒரு வாரமாக இதே கேள்விதான். தமிழ்நாட்டுக்காரனுக்கு ஓணம் ஆஃபர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டாட்டம் என்றால் இந்தப் பக்கம் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் ஒன்று, கேரளாவில் வரி கம்மி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெரிய டிவிக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கள் மாமா ஒருவர் "நானும் ஓஎல்இடிதான்டா வாங்கியிருக்கேன்" என்று கூப்பிட்டுக் காட்டினார். போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டியில் எல்இடி என்று இருக்கிறது. கடையில் எல்இடி டிவி என்று விற்பது எல்சிடிதான், பின்னால் எரிகிற விளக்கு மட்டும் எல்இடி. க்யூஎல்இடி, மினி எல்இடி இரண்டும் அதே எல்சிடி குடும்பம்தான். அந்த ஒற்றை 'ஓ'வுக்குத்தான் இத்தனை பணம். நான் விசாரித்த வரைக்கும் 55 இஞ்ச் சாதாரண எல்சிடி விலையைப் போல இரண்டு மடங்கு, சில மாடலில் மூன்று மடங்கு. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வித்தியாசம் என்ன? கார்த்திகைக்குத் திண்ணையில் அகல் வைக்கிறோம் இல்லையா, ஓஎல்இடி அப்படி. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. ஓர் இடம் கறுப்பாக வேண்டும் என்றால் அந்த இடத்து அகலை அணைத்துவிடும். எல்சிடியில் உள் அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, முன்னால் கதவைச் சாத்துகிறார்கள். எவ்வளவு நல்ல தச்சன் செய்த கதவாக இருந்தாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் எல்சிடியில் கறுப்பு என்பது கருஞ்சாம்பல்.

இதைச் சொன்னால் புரியாது, பார்க்க வேண்டும். போன வாரம் ரயிலில் புனலூர் போனபோது ஜன்னலோரம் போனை வைத்து ஒரு வீடியோ எடுத்தேன். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் வருகிற நீளமான சுரங்கம் தெரியும் இல்லையா, அது முழுசாக இருக்கிறது. வளைவில் ஒரு கணம் தூரத்தில் சுரங்க வாய் ஒரு காசு அளவு வெள்ளையாகத் தெரியும். சோதனைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கீழே ஹாலில் இருக்கிற 55 இஞ்ச் எல்சிடியிலும் மாடியில் என் அறையில் இருக்கிற 55 இஞ்ச் ஓஎல்இடியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். எல்சிடியில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திரை முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஆகிறது. டிவி எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. மாடியில் டிவியே காணாமல் போய்விட்டது! அறை இருட்டும் சுரங்க இருட்டும் ஒன்றாகி, நடுவில் அந்தக் காசு மட்டும் மிதக்கிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

தென்காசியில் மச்சான் வீட்டு மினி எல்இடியிலும் போட்டுப் பார்த்தேன். அதில் பின் விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, தேவையில்லாத பகுதியை மட்டும் மங்கலாக்குவார்கள். கறுப்பு அருமையாகத்தான் இருந்தது. ஆனால் 83 லட்சம் புள்ளிக்குச் சில நூறு விளக்குப் பகுதி என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கும் இல்லையா? அந்தக் காசைச் சுற்றி, மழைக்கால நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரி ஒரு வெளிச்ச வளையம்.

ஓஎல்இடியைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். என் போன் கேமரா இருட்டில் எடுத்த புள்ளிப் புள்ளியான அழுக்கு அத்தனையும் அதில் நெளிந்தது. எல்சிடியின் சாம்பல் அதை மூடி மறைத்திருந்தது.

சரி, இது ராத்திரிக் கதை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தம்பியும் நானும் ஓஎல்இடியைக் கீழே தூக்கி வந்து எல்சிடி பக்கத்திலேயே வைத்தோம். (இதை நீங்கள் செய்யாதீர்கள். அந்தப் பேனல் அப்பளம் மாதிரி இருக்கிறது, மாடிப்படியில் எனக்கு உயிரே இல்லை.) வாசல் கதவு திறந்திருக்கிறது, நல்ல வெளிச்சம். அதே சுரங்கக் காட்சி. ஓஎல்இடியில் இப்போது என்ன தெரிகிறது? நான் தெரிகிறேன். எனக்குப் பின்னால் கொடியில் காய்கிற அப்பாவின் வேட்டி தெரிகிறது. கறுப்புக் கண்ணாடியாக நிற்கிறது டிவி. அதே வீடியோவில் அடுத்து கழுதுருட்டியில் பதிமூன்று கண் ரயில் பாலம், மேலே முழுக்க வெள்ளை மேகம். திரை மொத்தமும் வெள்ளையாக ஒளிர வேண்டும் என்றால் ஓஎல்இடி சூட்டுக்கும் கரண்ட் இழுப்புக்கும் பயந்து தன்னைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும். பக்கத்தில் எல்சிடி அலட்டிக்கொள்ளாமல் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் பாலத்தை எல்சிடியில்தான் பார்க்கப் பிடித்தது.

ஆனால் ஆச்சியின் கட்டில் ஹாலின் மூலையில் கிடக்கிறது. அங்கே இருந்து பார்த்தால் எங்கள் எல்சிடியில் எல்லோர் முகமும் வெளுத்துப்போகிறது. அது விஏ வகைப் பேனல், நேரே உட்கார்ந்தால்தான் நிறம் நிற்கும். எல்சிடியிலேயே ஐபிஎஸ் என்று இன்னொரு வகை, பக்கவாட்டில் பரவாயில்லை, ஆனால் அதற்குக் கறுப்பு இன்னும் மோசம். ஓஎல்இடியை ஆச்சி கட்டிலில் படுத்தபடியே பார்த்துவிட்டு, "இதுல இந்தப் பிள்ளை முகம் லட்சணமா இருக்கு" என்றாள்.

அப்புறம் கிரிக்கெட்... இருங்கள், கரண்ட் போய்விட்டது. சாரல் காலம் இல்லையா, எங்கேயாவது மரம் விழுந்திருக்கும்.

[இருபது நிமிடம் கழித்து]

வந்துவிட்டது. கரண்ட் போனதும் நல்லதுதான், ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா ராத்திரி படுக்கும்போது எல்லா சுவிட்சையும் சுவரில் அணைத்துவிடுவாள். எல்சிடிக்கு ஒன்றும் ஆகாது. ஓஎல்இடி அப்படி இல்லை. சுமார் நாலு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், தூங்குகிற மாதிரி இருந்துகொண்டே தன் புள்ளிகளைச் சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். சுவரில் அணைத்தால் அந்த வேலை நடக்காது. ஒவ்வொரு புள்ளியும் எரிய எரியத் தேய்கிற சாமான், அதிலும் நீலம்தான் சீக்கிரம் தேயும். எங்கள் அப்பா காலையிலிருந்து ஒரே செய்திச் சேனல்தான் வைப்பார். மூலையில் லோகோ, கீழே ஓடுகிற சிவப்புப் பட்டை. வருஷக்கணக்கில் அப்படி ஓடினால் லோகோ நிழலாகத் திரையில் தங்கிவிடும். இப்போதைய மாடல்களில் படத்தை லேசாக நகர்த்துவது, லோகோவை மங்கலாக்குவது என்று தற்காப்பு உண்டு. ஆனாலும் எங்கள் அப்பாவிடம் ஓஎல்இடியை ஒப்படைக்கிற தைரியம் எனக்கு இல்லை. எல்சிடிக்கு இந்த பயம் கிட்டத்தட்ட கிடையாது.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். பந்து எல்லைக்கு ஓடும்போது ஓஎல்இடியில் வால் முளைக்காது, புள்ளி அவ்வளவு வேகமாக மாறும். அதே வேகத்தால், சினிமாவில் கேமரா மெதுவாக நகரும்போது படம் சற்றே தத்தித் தத்திப் போவது போலத் தோன்றும். கேபிளில் வருகிற, தெளிவு குறைந்த எஸ்டி சேனலா? அதற்கு இரண்டும் ஒன்றுதான், 55 இஞ்சில் அழுக்காகத்தான் இருக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் மாற்றம் இல்லை. ஹாலில் எல்சிடி, மாடியில் ஓஎல்இடி. உங்கள் வீட்டில் ஒரே டிவி, அதுவும் வாசல் திறந்த ஹாலில் என்றால் நல்ல மினி எல்இடி எடுங்கள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்க்கிற ஆள் என்றால், கடன் வாங்காமல் முடிந்தால், ஓஎல்இடி.

கடைக்குப் போகும்போது இந்த மாதிரி ஒரு சுரங்க வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் எல்லா டிவியும் பளீரென்று கண்ணைப் பறிக்கிற விவிட் மோடில் இருக்கும், அதைச் சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னபோது கடை அண்ணாச்சி, "தம்பி, மத்த கஸ்டமர் கரண்ட் போச்சுன்னு கிளம்பிருவாங்க" என்று சிரித்துவிட்டு, தன் தோள் துண்டை எடுத்து என் தலைக்கும் டிவிக்குமாகப் பந்தல் மாதிரி பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டுக்கடியில் நின்று சுரங்கத்தைப் பார்த்துத்தான் மாடியில் இருக்கிற டிவியை வாங்கினேன்.