போனவர் எத்தனை பேர், போன வருடங்கள் எத்தனை

எல்லோருக்கும் வணக்கம். ஒரே தெருவில் மூன்று சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் புற்றுநோய். 78 வயதுத் தாத்தாவுக்குப் புராஸ்டேட், 38 வயது அம்மாவுக்குக் கருப்பை வாய், 8 வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். தலையை எண்ணினால் மூன்று, அவ்வளவுதான். 2022-இல் உலகம் முழுக்கப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 97 லட்சம் பேர் என்பதும் இப்படித் தலையை எண்ணிய கணக்குதான்.

சரி, இழந்த வருடங்களை எண்ணுவோம். 75 வயதில் ஒரு கோடு போடுவோம்; அதற்கு முன்னால் போனால், கோடுவரை மிச்சமிருந்த வருடங்கள் இழப்பு. அம்மாவுக்கு 37 வருடம், பையனுக்கு 67. தாத்தாவுக்கு? பூஜ்யம்.

இந்த யோசனை காசநோயிலிருந்து வந்தது. காசநோய்ச் சாவு குறைந்துகொண்டே வந்த காலம். 1947-இல் அமெரிக்காவில் மேரி டெம்ப்சி என்ற பெண்மணி, அது இளவயதுக்காரர்களை அல்லவா கொண்டுபோகிறது, இறப்பு விகிதம் முழுக் கதையைச் சொல்லவில்லையே என்று வருடங்களைக் கூட்டிக் காட்டினார். அதே தராசில்தான் இன்று கருப்பை வாய்ப் புற்றுநோய் கனமாக இறங்குகிறது. தடுக்கக்கூடிய நோய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே தாயைக் கொண்டுபோகிற நோய்.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. புற்றுநோய் போன்ற நோய்களால் வரும் அகாலச் சாவைக் குறைக்க ஐ.நா. வைத்த இலக்கில் 30 முதல் 70 வயதுவரை நடக்கும் சாவுதான் கணக்கு. சிலர் கோடே போடாமல், அந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருந்திருப்பார் என்று பார்க்கிறார்கள். அதில் தாத்தாவுக்கும் சில வருடம் கிடைக்கும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

எந்தத் தராசானாலும் வயதும் காரணமும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதி வைத்தால் என்ன செய்வது? யாருக்குத்தான் நிற்கவில்லை? யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று குறித்துவைக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் சென்னைப் பதிவேட்டுக்காரர்கள் 1980-களிலிருந்து மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குவதும், மாநகராட்சியின் இறப்புப் பதிவைப் புரட்டிப் பெயர்களை ஒப்பிடுவதும் இதற்காகத்தான்.

வயது இன்னும் வேடிக்கை. "அறுபது இருக்குங்க" என்பார்கள். வரைபடம் போட்டால் 55, 60, 65 மட்டும் கோபுரம் மாதிரி நிற்கும். என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனார். ரேஷன் கார்டில் வயது 73. "உங்க சித்தப்பாவுக்கு அவர் நாலு வயசு மூத்தவர்டா" என்று அம்மா விரல் விட்டு எண்ணியதில் 76 வந்தது. படிவத்தில் 73 என்றே எழுதிக் கொடுத்தோம். 75 வயதுக் கோட்டின்படி இழப்பு இரண்டு வருடம். அம்மா சொன்னதை எழுதியிருந்தால், பூஜ்யம்.