வெடிமருந்துக் கிடங்குக்குள் ஒரு குட்டி ரயில்

வணக்கம். 2004-க்கு முன்னால் பீச்–தாம்பரம் லோக்கலில் போனவர்களுக்கு மீட்டர் கேஜ் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், இன்றைய பிராட் கேஜ் 1676. இப்போது பார்க்கப்போவது இரண்டையும் விடக் குறுகலானது, வெறும் 762. பிரிட்டிஷ் கடற்படை தன் வெடிமருந்துக் கிடங்குகள் பலவற்றுக்குள் இந்த அகலத்தில்தான் தண்டவாளம் போட்டது. செலவைக் குறைக்க மட்டும் என்று நினைத்தால், விஷயம் அதோடு முடியவில்லை.

(திரையில்: மெட்வே ஆறு, அப்னர் கோட்டை)

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் இந்தக் கோட்டையில் 1668-லிருந்தே வெடிமருந்து அடுக்கி வைத்திருந்தார்கள். இடம் போதாமல் 1870களில் ஆற்றை விட்டுத் தள்ளி சாட்டெண்டனில் புதுக் கிடங்குகள் கட்டி, அங்கிருந்து கரைக்கு ஒரு ரயில் பாதையும் போட்டார்கள். முதலில் அது வழக்கமான அகலம்தான். 1880களில் அதை மாற்றி 762 ஆக்கினார்கள். 1906-ல் கடற்படை கைக்கு வந்தது, 1961 வரை ஓடியது.

சரி, ஏன் குறுகல்? ஒரு கிடங்கு வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது. அதனால் கட்டடங்களை எட்ட எட்டக் கட்டி, நடுவில் மண்மேடு எழுப்புவார்கள். அந்த மேடுகளுக்கு இடையில் புகுந்து புகுந்து போக வளைவு இறுக்கமாக இருக்க வேண்டும், பெரிய ரயில் அப்படி வளையாது. அப்புறம், சின்ன வண்டி என்றால் எஞ்சினே இல்லாமல் ஆட்களே கிடங்கு வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம்.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள், இவர்களோ கரி எஞ்சினையும் வெடிமருந்தையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தார்கள்! வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே தீப்பொறி கக்கும் எஞ்சினை விட்டால் எப்படி? அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் பேட்டரி எஞ்சின், புகையைத் தண்ணீருக்குள் விட்டுக் குளிர வைக்கும் டீசல் எஞ்சின் எல்லாம் வந்தன.

எனக்குப் பிடித்தது வேல்ஸில் இருக்கும் ட்ரெக்கூன். 1938-ல் வேலை ஆரம்பித்து, ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் பாறையைக் குடைந்து 58 சுரங்கங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டித் தண்டவாளம். வெளியுலக ரயில் பள்ளத்தாக்கு வரைக்கும் வரும், குகைக்குள் போவது மட்டும் இதன் வேலை.

ஹவாயில் கதை வேறு. அங்கே ஊர் ரயிலே 3 அடி கேஜ்தான், அமெரிக்கக் கடற்படையின் லுவாலுவலேய் கிடங்கும் அதைத்தான் நம்பியிருந்தது. 1947 கடைசியில் அந்த ஊர் ரயிலை நடத்திய கம்பெனி அதை நிறுத்தியபோதும், கிடங்குக்குப் போகும் துண்டை மட்டும் கடற்படை விடவில்லை. அதில் மிஞ்சிய தண்டவாளத்தில்தான் இன்று ஏவா பக்கம் சுற்றுலா ரயில் ஓடுகிறது.

சிட்னியில் நியூவிங்டன் கிடங்கு 1999-ல் மூடியது. அதன் 2 அடிப் பாதையில் வெடிகுண்டு ஏற்றிய வண்டிகள் போனதுபோய், பின்னாளில் பார்வையாளர்கள் ஏறிச் சுற்றினார்கள்.