கதவுள்ள ஓர் அறை வேண்டும்

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, இந்தப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டித் தந்த பெரியவர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனநல ஆலோசனைக்கு வருகிறவர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்றைப் பேச நினைத்து வந்தேன்: உள்ளே வரும்போது இருக்கும் கூச்சம், நடுவில் பொங்கி வரும் அழுகை, சில சமயம் ஆலோசகர் மீதே திரும்பும் கோபம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் வீடுகளிலோ பிள்ளை அழுதால் முதலில் சொல்வது, "வாயை மூடு." அப்படி வளர்ந்தவர்தான் நாற்பது வயதில் ஆலோசகர் முன்னால் வந்து நாற்காலி நுனியில் உட்காருகிறார்.

அப்படி ஒரு தகப்பனார் வந்தார். ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். பையன் பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டான். "சார், இவனைக் கூப்பிட்டு நல்லா நாலு வார்த்தை கேளுங்க. வீட்டுல சோறு போடவே பிடிக்கல" என்று கத்தினார். பேசவிட்டேன். கால் மணி நேரம் பையனையும், அவன் அம்மாவையும், செல்போன் கண்டுபிடித்தவனையும் திட்டித் தீர்த்தார். அப்புறம் கேட்டேன்: "ரிசல்ட் தெரிஞ்ச நிமிஷம் உங்க உடம்புக்கு என்ன பண்ணுச்சு?" தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். குரல் இறங்கிவிட்டது. "அடிவயிறு கலங்கிருச்சு சார். எங்க அண்ணன் இதே மாதிரி பெயிலாகி ஊரைவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்ல."

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் லெஸ்லி கிரீன்பெர்க் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்: முதலில் எழும் உணர்வைத் தாங்க முடியாதபோது வேறோர் உணர்வு வந்து அதை மூடிக்கொள்ளும். மேலே தெரிவதோடு மல்லுக்கட்டினால் பயனில்லை. அடியில் இருப்பதைத் தொட்டு, அதை முழுசாக உணர்ந்து, வாய்விட்டுச் சொன்னால்தான் மாற்றம் வரும்.

அவர் கண் கலங்கியது. சரி, இனி பேசிவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, வருகைப் பதிவேடு எங்கே என்று தேடினார். நாங்கள் உட்கார்ந்திருந்தது சாமான் அறை. வரைபடச் சுருள்களும் கேரம் பலகையும் அங்கேதான் இருக்கும். கதவு கிடையாது. தகப்பனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பையனைக் கண்டிச்சு வைங்க சார்." அவ்வளவுதான், போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அழுவதற்கு இடம் எங்கே?

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிபந்தனை உண்டு. ஆலோசகரிடம் பரிவு இருந்தால் மட்டும் போதாது, அது வந்தவருக்குக் கொஞ்சமாவது தென்பட வேண்டும். பத்துப் பேர் வந்துபோகும் கதவில்லாத அறையில் எந்தப் பரிவு தென்படும்? மனநல சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. பள்ளியில் மனம் திறக்கும் பிள்ளைக்கும் அந்த மரியாதை வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவையில், 14416 எண்ணில் இரவு பகலாகப் பேசலாம், குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வீட்டில் எல்லோரும் சுற்றி இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை போனில் எதைச் சொல்வாள்?

ஆலோசகர் மீது வரும் கோபத்தைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன், மணி ஐந்தாகிவிட்டது. ஊராட்சித் தலைவர் ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நூலகத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் அறையை ஆலோசனைக்கு ஒதுக்கித் தாருங்கள். உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி போதும். மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.