பழைய டிராக்டருக்கு ஸ்பானர் எடுப்பதற்கு முன்

வணக்கம். பழைய டிராக்டர் வாங்கியிருப்பவர்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், கொஞ்சம் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வீட்டில் வந்து இறங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி செல்ஃபை அடித்துப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இது என்ன வண்டி என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். அரிசி ஆலைக்குப் பின்னால் புளியமரத்தடியில் எட்டு வருடமாக நின்ற மாசி பெர்குசன் டிராக்டரை வாங்கினேன். பானெட்டில் 1035 என்று இருந்தது, விற்றவரும் அதையே சொன்னார். நானும் அந்தப் பெயரைச் சொல்லி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டை வாங்கிவந்து, ஹெட்டைக் கழற்றி, வைத்துப் பார்த்தால் துளைகள் பொருந்தவில்லை. இன்னொரு கடை, இன்னொரு கேஸ்கெட், அதுவும் பொருந்தவில்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கடையில் வண்டிப் பெயரைச் சொல்லாதே, இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கிற நம்பரைச் சொல்" என்றார். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்தோம். டேஷ்போர்டில் இருந்த மாடல் எண் தகட்டின் மேல் நாலு பூச்சு பெயிண்ட், அதைத் தின்னர் துணியால் ஊறவைத்து ஊறவைத்து எடுக்க அரைநாள் ஆனது. உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போட்டிருந்தால் எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். தகடு 35 என்றது. பானெட் வேறு வண்டியுடையது. இன்ஜின் அதற்கும் வேறு!

இது அதிசயமில்லை. 1960இல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி தொடங்கி மாசி பெர்குசன் கூட்டோடு வண்டி செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து, ஒவ்வொரு வண்டியும் எத்தனை பட்டறை பார்த்திருக்கும்! இங்கிலாந்திலேயே இந்த 35இல் முதலில் 4 சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் வந்தது, குளிரில் கிளப்புவது பெரும்பாடு. 1959 கடைசியில்தான் பெர்கின்ஸ் கம்பெனியின் 3 சிலிண்டர் இன்ஜின் வந்தது. டீசல் பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் மெல்லிய குழாய்களை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும். அதனால் மறுபடியும் சொல்கிறேன், பானெட்டில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். தகட்டு எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள், பிறகு பெயர் மாற்றும்போது அலையவேண்டாம்.

சரி, வண்டி யார் என்று தெரிந்துவிட்டது. அப்புறம்? இன்ஜின் கையால் சுற்றுகிறதா பாருங்கள். இறுகியிருந்தால் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிச் சில நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் உள்ளே உடையும்.

கியர்பாக்ஸ் ஆயில் பக்கம் வருவோம். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். கியர் கம்பியின் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே போய் அடியில் தங்கும். என் வண்டியில் அடித்திருகைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது, பிறகு மோர் மாதிரி வெளுத்த ஆயில். கலப்பை தூக்கவில்லை என்று ஹைட்ராலிக் பம்பைப் பிரிப்பதற்கு முன் இந்த ஆயிலைப் பாருங்கள்.

டீசல் டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றியபின் வண்டி கிளம்பாது, குழாயில் காற்று நிற்கும். பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள், நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை. அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அப்படியே. கடைசியாக நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு செல்ஃபை அடியுங்கள், டீசல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். செல்ஃபுக்கு வேலை இப்போதுதான்.

பிரேக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சாலையில் இறக்கும் முன் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பிரேக் மிதிகளும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று காலி வயலில் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும். வணக்கம்.