நோய்க்கும் பார், பைக்கும் பார்

அவைத் தலைவர் அவர்களே, கருத்தரங்கைத் தொடங்கி வைத்த மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் குறித்து வைத்திருந்ததில் முக்கால்வாசியைத் தானே சொல்லிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் புற்றுநோய் மருத்துவர் அவர்களே, அவரிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் இயற்கை மருத்துவர் அவர்களே (நடுவில் இருக்கும் அந்தக் காலி நாற்காலியை யாராவது எடுத்துவிட்டால் நான் பேச வந்த வேலை சீக்கிரம் முடியும்), செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, சிகிச்சையில் இருப்பவர்களே, சிகிச்சை முடித்தவர்களே, அவர்களுக்காகத் தூக்கத்தைத் தொலைத்த குடும்பத்தார்களே, அனைவருக்கும் வணக்கம். வாழ்த்துரை வழங்க வேண்டிய புரவலர் ஐயா வழியில் இருக்கிறார் என்று செய்தி. வந்ததும் நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

செயலர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'புற்றுநோயும் ஒருங்கிணைந்த துணைச் சிகிச்சையும்'. அதில் மூன்று விஷயம் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்: எது உதவும், எது கெடுக்கும், என்ன சாப்பிடலாம். நான் மருத்துவர் இல்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருந்தாளுநர். மருத்துவரிடம் சொல்லாததை மக்கள் அந்த ஜன்னலில் சொல்வார்கள். பின்னால் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "இதோட அதையும் சாப்பிடலாமா சார்?" என்பார்கள். அந்த 'அது' என்ன என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேடை கிடைக்கும்போதெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்.' இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் எனக்கு முன்பே உதட்டை அசைத்துவிட்டார்கள், பார்த்தேன். மருந்தும் கொடு, மந்திரிக்கவும் செய் என்று சொன்ன பழமொழி. படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் பேயை முன்னால் வைத்துச் சொல்வார்கள். நான் நோயைத்தான் முன்னால் வைப்பேன். புற்றுநோயில் பேய் என்று நான் சொல்வது பயத்தை, குமட்டலை, ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை, குளித்துவிட்டு வந்து துண்டோடு அப்படியே உட்கார வைத்துவிடும் களைப்பை. ஸ்கேனில் இது எதுவும் தெரியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டியைவிட இதைத்தான் தெரியும்.

துணைச் சிகிச்சை என்பது அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு இவற்றைத் தாங்கிக் கடக்க உடம்புக்கும் மனசுக்கும் கொடுக்கிற கைத்தாங்கல். அவற்றை விட்டுவிட்டு வேறு பாதையில் போவதற்கு மாற்று சிகிச்சை என்று பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிர் போகும். மிகைப்படுத்தவில்லை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு இது: பரவாத நிலையில் இருந்த மார்பு, புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு வழக்கமான சிகிச்சையை ஒதுக்கி மாற்று சிகிச்சையை மட்டும் எடுத்த 281 பேருக்கு, சிகிச்சை எடுத்தவர்களைவிட இறக்கும் அபாயம் 2.5 மடங்கு. மார்புப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழு அதே ஆண்டில் இன்னொன்றும் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக வேறு சிகிச்சையும் எடுத்தவர்களிலும் இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. காரணத்தைத் தோண்டினால், கூடுதலாக எடுத்தவர்களில் பலர் அறுவையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ மறுத்திருந்தார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கைத்தாங்கலாக வந்தது எப்போது ஆளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்று யாரும் கவனிக்கவில்லை. இயற்கை மருத்துவர் ஐயா தலையசைக்கிறார். நன்றி ஐயா.

சரி, எது உதவும்? நடை. இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும், "இதுக்கா வந்தோம்" என்பது போல. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டு பயிற்சியாளரை வைத்து உடற்பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும் என்று ஒரு சோதனை நடந்தது. முடிவு 2025இல் வந்தது. எட்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 90 சதவீதம், புத்தகப் பிரிவில் 83 சதவீதம். ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் அதன் விலையைக் கேட்டு நாம் மயங்கி விழுந்திருப்போம். கீமோ நடக்கும்போதும் இயன்ற அளவு நடப்பது களைப்பைக் குறைக்கும். எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் எந்த அசைவு கூடாது என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம், மார்புப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரைகளில் ஒரு வகையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சர். பதற்றத்துக்கு மனஒருமைப் பயிற்சி. இரண்டும் இப்போது புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளிலேயே ஏறிவிட்டன. ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை நரம்பில் ஒரேயடியாகச் செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கி அரை மணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறைகிறது. குளிரில் வாயின் ரத்தநாளங்கள் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகப் போகும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் கூடவே ஆக்சலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் ஏறுகிறவருக்குக் குளிர் பட்டாலே தொண்டையும் விரலும் சுரீரென்று இழுக்கும். அவருக்குப் பனிக்கட்டி கொடுத்தால் உபகாரம் உபத்திரவமாகிவிடும். வெந்நீரில் கால் வைக்கும் சிகிச்சையும் இப்படித்தான். கீமோவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கால் வைக்கச் சொல்லுங்கள். பனியும் வெந்நீரும் நல்லவைதான். யாருக்கு, எந்த மருந்தோடு என்று தெரிந்தால்தான் நல்லவை.

(புரவலர் வருகை.) வாருங்கள் ஐயா, வணக்கம். இந்த அரங்கை இன்று கட்டணமில்லாமல் கொடுத்தவர், அடுத்த கூட்டத்துக்கும் கொடுப்பதாகச் சொன்னவர். மேடையில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. அந்தக் காலி நாற்காலியில் அமருங்கள் ஐயா, இரண்டு மருத்துவத்துக்கும் நடுவில். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கே விட்டேன்? யாருக்கு, எந்த மருந்தோடு. ஒரு நாள் ஒரு மருத்துவர் மருந்தளவில் ஏதோ சந்தேகம் என்று என்னை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே ஒரு பெரியவர், பெருங்குடல் புற்றுநோய், இரினோடெகான் என்ற கீமோ மருந்து போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மனைவி. அந்த அம்மாவின் காலடியில் ஒரு துணிப்பை. மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்: "வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" பெரியவர் வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை ஒரு மிதி மிதித்தார். பெரியவர் மூடிக்கொண்டு, "இல்லைங்க" என்றார். மிதித்த கால் திரும்பி வரும்போது பையில் பட்டது. பை சாய்ந்தது. முதலில் ஒரு புட்டி நிதானமாக உருண்டு போய் மருத்துவரின் நாற்காலிச் சக்கரத்தில் முட்டி நின்றது. பின்னாலேயே இரண்டு. அப்புறம் ஒரு டப்பா. மூடி கழன்று, பச்சையாக ஒரு பொடி மருத்துவரின் பாலிஷ் போட்ட ஷூவில் கொட்டியது.

யாரும் பேசவில்லை. மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன், வேறு வழி? ஒவ்வொன்றாக எடுத்தார். "இது யார் கொடுத்தாங்க?" "என் தம்பி." "இது?" "மாடி வீட்டுக்காரம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இதுல குணமானாராம்." "இது?" "போன்ல வந்துச்சு." "போன்ல எப்படிம்மா புட்டி வரும்?" "வீடியோ போன்ல வந்துச்சு. புட்டி கூரியர்ல வந்துச்சு." (சிரிப்பு.) கடைசியாக அந்தப் பச்சைப் பொடி. "இது?" அம்மா தயங்கினார். "இது... இப்பத்தான். வெளிய காத்திருக்கும்போது பக்கத்துல உக்காந்திருந்தவர் கொடுத்தார்." (பலத்த சிரிப்பு.)

சிரியுங்கள், நானும் சிரித்தேன். அந்தப் பையில் பெரும்பாலானவை இனிப்புத் தண்ணீர். ஒரு புட்டியைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது: செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் உலகம் முழுக்க விற்கிற மூலிகை மாத்திரை. கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியை அது முடுக்கிவிடும். நெதர்லாந்தில் இரினோடெகானோடு இதைக் கொடுத்துச் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தே நோயாளிகள்தான். ஆனால் புற்றுநோய் செல்லைக் கொல்ல வேண்டிய மருந்தின் அளவு ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்திருந்தது. ஊசியும் ஏறுகிறது, வாந்தியும் வருகிறது, முடியும் கொட்டுகிறது, மருந்து மட்டும் பாதி வழியில் கரைந்துபோகிறது. எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் இந்தக் காரணம் வராது.

பெரியவர் அதை எதற்குச் சாப்பிட்டார்? தூக்கம் இல்லை. அவ்வளவுதான். அத்தனை முறை வந்து போனவரிடம் "தூங்குறீங்களா?" என்று யாரும் கேட்கவில்லை. பேய்க்குப் பார்க்க ஆளில்லாததால் அவரே பார்த்துக்கொண்டார். அன்றைக்குப் பழமொழியில் ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டேன்: நோய்க்கும் பார், பைக்கும் பார்.

"மூலிகைதானே, கெமிக்கல் இல்லையே" என்பவர்களுக்கு ஒன்று. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. பாக்லிடாக்சல் என்ற இன்னொன்று பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டெடுத்தது. அந்த இரினோடெகானுக்கே மூலம் சீனாவில் வளரும் ஒரு மரம்தான். பெரியவரின் உடம்புக்குள் சண்டை போட்டுக்கொண்டவை இரண்டும் செடிகொடிதான். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் சத்தின் மாத்திரை நுரையீரலைக் காக்கும் என்று நம்பி ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ஆப்ரிகாட் விதைச் சத்து, புற்றுநோயைப் போக்கும் என்று விற்ற லேட்ரிலை 178 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1982இல் வந்தது. உருப்படியான பலன் இல்லை, சிலர் ரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது. இன்னும் நிறைய இருக்கிறது, செயலர் கடிகாரத்தைத் தட்டுகிறார். உணவைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும்: எடை குறைந்துகொண்டிருப்பவரைப் பட்டினி போடாதீர்கள், யார் சொன்னாலும்.

இனி என் கோரிக்கை. ஒரே ஒரு தாள். என்ன சாப்பிடுகிறேன், எதற்காக, எவ்வளவு, எப்போதிருந்து என்று நான்கு கட்டம். மாத்திரை, மூலிகை, பொடி, எண்ணெய், தேநீர் எல்லாம் அதில். ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பித்து, புற்றுநோய் மருத்துவரும் இயற்கை மருத்துவரும் இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அடியில் ஒரு கேள்வி: "இந்த வாரம் உங்களைப் படுத்தியது எது?" இது வெறும் உபசாரக் கேள்வி என்று நினைக்காதீர்கள். பரவிய புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பிரிவினரைத் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் அவ்வப்போது பதிவு செய்ய வைத்து, மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகச் செய்தார்கள். 2017இல் வெளியான முடிவுப்படி அந்தப் பிரிவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31 மாதம். வழக்கமான கவனிப்பில் 26 மாதம். புது மருந்து எதுவும் இல்லை, கேட்டார்கள், கேட்டதற்கு ஏதாவது செய்தார்கள்.

மருத்துவர்களே, தாளைப் பார்த்துத் திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை கால்மிதிதான். இயற்கை மருத்துவர்களே, நீங்கள் கொடுப்பது எதுவென்று பெயர் எழுதிக் கொடுங்கள். 'ரகசிய மருந்து' என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று உங்கள் முன்னாலேயே இவர்களிடம் சொல்கிறேன். முதல்வர் அவர்களே, உங்கள் மருத்துவமனையில் இந்தத் தாளை வெளிநோயாளிச் சீட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டால் போதும். நோய்க்கும் பார், பைக்கும் பார் என்று உங்கள் வாசலில் எழுதிப்போடுகிற செலவு என்னுடையது.

தாள்கள் வெளியே மேசையில் அடுக்கியிருக்கிறோம். ஆளுக்கு இரண்டு எடுங்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று பைக்குள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு எழுதித்தர இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். புட்டியோடு வந்திருப்பவர்கள் மறைக்க வேண்டாம், நானும் அந்த மேசையில்தான் இருப்பேன். வணக்கம்.