இந்தியர்கள் என்று சொல்லிவிடு

வணக்கம். எட்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்களாம், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பெர்த் நகரம், 1960 வாக்கில். ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவிடம் கேட்கிறாள், நாம் எந்த நாட்டுக்காரர்கள் என்று. கூடப் படிக்கிற பிள்ளைகள் துளைத்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியா என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், சரி, உன் அப்பா அம்மா எங்கேயிருந்து வந்தார்கள் என்று திரும்பவும் ஆரம்பிக்கிறார்கள். அம்மா சொல்லிக்கொடுக்கும் பதில்: இந்தியர்கள் என்று சொல்லிவிடு. பெண்ணுக்கு அந்தப் பதில் பிடித்துப்போகிறது. போய் அப்படியே சொல்கிறாள், பிள்ளைகளும் சரியென்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அதே கேள்வியோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள், நீங்களும் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த வீட்டில் சொன்னது பொய். அந்தப் பெண் சாலி மார்கன். அவருடைய அம்மாவும் பாட்டியும் இந்த மண்ணின் பழங்குடியினர். பாட்டி டெய்சி, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே பில்பரா பகுதியில் மார்பிள் பார் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கொருண்ணா டவுன்ஸ் என்ற கால்நடைப் பண்ணையைச் சேர்ந்தவர். நாங்கள் ஆஸ்திரேலியர்கள் என்று சொல்ல அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்? அவர்கள்தான் நம்முடைய பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாலிக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு நாள் பாட்டி அழுதுகொண்டிருப்பதைப் பார்க்கிறாள். பாட்டி தன் கையைத் தூக்கிக் காட்டி, நான் கறுப்பு, உங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரப் பாட்டிதான் வேண்டும் என்று குமுறுகிறாள். அது வரைக்கும் பாட்டியின் தோல் என்ன நிறம் என்று அந்தப் பெண் யோசித்ததே இல்லை. தினமும் சோறு போடுகிற கையை யார் நிறம் பார்த்தார்கள்?

சரி, எதற்காக இந்தப் பொய்? அதற்கு 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளுக்கு, பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும், சட்டப்படிக் காப்பாளர் அரசாங்கத்தின் தலைமைப் பாதுகாவலர்தான். பதினாறு வயது வரைக்கும். வண்டியில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. டெய்சியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு வைத்தார்கள். டெய்சியின் மகள் கிளாடிஸை மூன்று வயதில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். இப்படி இரண்டு தலைமுறை பறிகொடுத்த பெண்கள் மூன்றாவது தலைமுறையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பிடித்துக்கொண்ட துரும்புதான் அந்த ஒரு சொல், இந்தியர்கள். அரசாங்கத்து ஆள் யாராவது வாசலுக்கு வந்தாலே டெய்சிக்குக் கைகால் நடுங்குமாம். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1987இல் வந்த ‘மை பிளேஸ்’ புத்தகம் இதைத்தான் சொல்கிறது. அது சொல்லப்பட்டிருக்கும் விதமும் அவ்வளவு முக்கியம். பாதி தூரம் சாலி தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார், அப்புறம் ஒதுங்கிக்கொண்டு, பாட்டியின் அண்ணன் ஆர்தரைப் பேசவிடுகிறார். ஆர்தர் தாத்தாவுக்குத் தன் வாழ்க்கை பதிவாகிவிட வேண்டும் என்று ஒரே அவசரம், ஒலிநாடாவை ஓடவிட்டுப் பேசித் தீர்க்கிறார். பிறகு அம்மா பேசுகிறார். கடைசியில், எத்தனையோ ஆண்டு மறுத்த பிறகு, பாட்டி. அவரும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. சில ரகசியங்கள் என்னோடுதான் போகும் என்று சொல்லி, அப்படியே கொண்டுபோய்விட்டார். படிக்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இருந்தாலும், வாழ்நாள் முழுக்க எது கேட்டாலும் கொடுக்க வேண்டியிருந்த ஒரு பெண், கடைசியாக ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னாளே, அந்த இடம்தான் அந்தப் புத்தகத்தின் உச்சம் என்பேன்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். இந்த நாட்டின் வரலாற்றைப் படிக்க ஆசைப்பட்டால், எந்தக் கவர்னர் எந்த ஆண்டு வந்தார் என்று தொடங்க வேண்டாம். ஒரு வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அங்கேயிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் நல்ல குடும்பப் புத்தகங்கள் பலவும் அப்படி ஒரு மௌனத்தில்தான் பிறந்திருக்கின்றன.

வெள்ளைக்காரர் வீடுகளிலும் அதே கதைதான், காரணம் வேறு. 1788இல் பிரிட்டனிலிருந்து பதினொரு கப்பல்கள் வந்தன, கைதிகளை இறக்கினார்கள். 1868இல் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வருகிற வரைக்கும் ஏறக்குறைய 1,60,000 பேரை இப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். துணி திருடியவர், ஆடு திருடியவர், அயர்லாந்தில் கலகம் செய்தவர் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்ததும் தாத்தா எப்படி வந்தார் என்பதை மறைத்தார்கள். ‘கைதிக் கறை’ என்றே அதற்குப் பெயர். 1882 செப்டம்பரில் சிட்னியில் கார்டன் பேலஸ் என்ற மாபெரும் மரக் கட்டடம் எரிந்து சாம்பலானது. அதோடு முந்தின ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கும் போயிற்று, ஏராளமான பழங்குடிப் பொருட்களும் போயின. தங்கள் பூர்வீகம் வெளியே தெரியக்கூடாது என்று பெரிய மனிதர்கள் யாரோ வைத்த தீ என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு சந்தேகம் வருகிற அளவுக்கு அந்த வெட்கம் இருந்திருக்கிறது, அதுவே போதும்.

இன்னொரு விஷயம், பரம்பரை தேடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. பெயர் எழுதிய கணக்கெடுப்புப் படிவங்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுவதுதான் இந்த நாட்டு வழக்கமாக இருந்தது. சம்மதம் சொன்னவர்களின் விவரத்தை மட்டும் 99 ஆண்டு பூட்டிவைக்கும் ஏற்பாடு 2001இல்தான் வந்தது. அதனால் இங்கே குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் கப்பல் பட்டியலையும் பழைய செய்தித்தாள்களையும் கோர்ட்டுக் குறிப்புகளையும் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய செய்தித்தாள்களெல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. 2009இல் தொடங்கினார்கள். இயந்திரம் தப்பாகப் படித்த எழுத்துகளை யாரோ முன்பின் தெரியாத மனிதர்கள் ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துகிறார்கள், கூலி கிடையாது. யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டிக்காக.

கேட் கிரென்வில் எழுதிய ‘தி சீக்ரெட் ரிவர்’ நாவலைப் பலர் படித்திருப்பீர்கள், 2005இல் வந்தது. அவருடைய மூதாதை சாலமன் வைஸ்மன், லண்டன் தேம்ஸ் நதியில் படகு ஓட்டியவர், மரம் திருடி மாட்டிக்கொண்டு 1806இல் இங்கே அனுப்பப்பட்டவர். இங்கே மேற்கு சிட்னியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வைஸ்மன்ஸ் ஃபெர்ரி, அவர் பெயரில்தான் அந்த ஊர். இன்றைக்கும் காரோடு ஏற்றி அக்கரையில் விடுகிறார்கள், காசு வாங்குவதில்லை. அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த வாக்கியம், சாலமன் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலத்தை ‘டுக் அப்’ செய்தார் என்பது. சும்மா கிடந்ததை எடுத்து உழுது பயிரிட்டார் என்கிற மாதிரி சாதுவான சொல். அந்த ‘அப்’பை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘டுக்’. எடுத்துக்கொண்டார். யாரிடமிருந்து? அங்கே தாருக் என்ற பழங்குடி மக்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு நாவலும், அந்த நாவலை எழுதிய கதையாக இன்னொரு புத்தகமும் வந்தன. 2000ஆம் ஆண்டு மே மாதம் பழங்குடியினரோடு நல்லிணக்கத்துக்காக சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் லட்சக்கணக்கான பேர் நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் கிரென்வில்லும் நடந்தார். நடக்கும்போது ஒரு பழங்குடிப் பெண்ணின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன, இவளுடைய பாட்டனும் என் பாட்டனும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களோ என்று தோன்றியதாம். அதற்குமுன் அந்தக் கேள்வி மனதில் எழவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதிய ஆல்பர்ட் ஃபேஸியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1894இல் பிறந்தவர். இரண்டு வயதில் அப்பா போய்விட்டார், அம்மா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார், எட்டு வயதில் பண்ணை வேலை. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். ஒரு பண்ணையில் சின்னப் பையனாக இருந்த அவரைச் சாட்டையால் அடித்து உடம்பெல்லாம் கிழித்துவிட்டார்கள், அங்கேயிருந்து தப்பி ஓடுகிறார். அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் போடவில்லை மனிதர். காளைகள் இந்தத் திசையில் போயின, மழை வந்தது என்பதுபோல, என்னை அடித்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

1915இல், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில் இருக்கும்போது ஊரிலிருந்து சிப்பாய்களுக்குப் பார்சல்கள் வருகின்றன. இவருக்குக் கிடைத்தது கையால் பின்னிய ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, உள்ளே ஒரு சீட்டு, பன்பரி ஊர் ஈவ்லின் கிப்ஸன் என்று கையெழுத்து. காயம்பட்டு ஊர் திரும்பிய பிறகு பெர்த்தில் தற்செயலாக ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுக்கிறார், பெயரைக் கேட்டால் அதே ஈவ்லின் கிப்ஸன். 1916இல் கல்யாணம், அறுபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சகோதரர்கள் இரண்டு பேரைக் கலிப்பொலியிலும் மூத்த மகனை 1942இல் சிங்கப்பூரிலும் பறிகொடுத்தவர் தன் புத்தகத்துக்கு வைத்த பெயர் ‘எ ஃபார்ச்சுனேட் லைஃப்’, அதிர்ஷ்டமான வாழ்க்கை. மனதாரத்தான் வைத்திருக்கிறார், படித்தால் தெரியும்.

பேரப்பிள்ளைகளுக்காக இருபது பிரதி மட்டும் அச்சடித்துக் கொடுங்கள் என்றுதான் ஃப்ரீமேன்டிலில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு எழுதியதை அனுப்பினார். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு 1981இல் எல்லாருக்குமாகக் கொண்டுவந்தார்கள். ஆறேழு ஆண்டு கழித்து ‘மை பிளேஸ்’ வெளியிட்டதும் அதே பதிப்பகம்தான். தன் புத்தகம் வந்த மறு வருஷம், 1982 பிப்ரவரியில், ஃபேஸி இறந்துபோனார், அதற்குள் அது நாடு முழுவதும் போய்ச் சேருவதைப் பார்த்துவிட்டார். அவர் கலிப்பொலியில் முதல் நாளே, ஏப்ரல் 25இல், இறங்கியதாக எழுதியிருக்கிறார், இராணுவப் பதிவோ மே மாதத்தில் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறது. ஞாபகம் ஒன்று, கோப்பு ஒன்று. இதை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் தள்ளிவிடக் கூடாது, தாத்தா சொல்வதைக் கேட்கிற காதோடு, பதிவையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

எழுதவே தெரியாதவர்கள், எழுத நேரமே கிடைக்காதவர்கள், அவர்கள் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சிட்னி நகரத்தில் ஹைட் பார்க் பாரக்ஸ் போய்ப் பாருங்கள். 1819இல் கைதிகளுக்காகத் திறந்த கட்டடம், 1848க்குப் பிறகு அதில் கப்பலில் வந்திறங்கிய பெண்களைத் தங்கவைத்தார்கள், அயர்லாந்துப் பஞ்சத்தில் அநாதையான பெண்பிள்ளைகள் உட்பட. அப்புறம் ஆதரவில்லாத கிழவிகள். ஒருத்தரும் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் தரைப்பலகைக்கு அடியில் எலிகள் இருந்தன. துணிக் கிழிசல், காகிதத் துண்டு, நூல், ரிப்பன் என்று கண்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் வளை கட்டின. அங்கே ஈரம் இல்லாததால் நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. 1980 வாக்கில் பலகையைப் பெயர்த்துத் தோண்டியவர்கள் கையில் கிடைத்தது அந்தப் பெண்களின் அன்றாடம். கண்ணாடிக்குள் ஒரு சின்னத் துணி இருக்கிறது, ஓரத்தில் பாதி தைத்துப் பாதி விட்டிருக்கிறது. தையல் ரொம்பச் சீராக இருந்தது. தூக்கம் வந்து கீழே நழுவவிட்டாளோ, யாராவது கூப்பிட்டு எழுந்து போனாளோ என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன், கூட வந்தவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

நேரம் ஆகிறது. பிள்ளைகளோடு வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘மை பிளேஸ்’ என்ற பெயரிலேயே இன்னொரு புத்தகம் இருக்கிறது, நாடியா வீட்லி எழுதி டொனா ராலின்ஸ் படம் வரைந்தது. சிட்னியில் ஒரே ஒரு இடம். 1988இல் அங்கே இருக்கிற குழந்தை பேசுகிறது, அடுத்த பக்கத்தில் பத்து வருஷம் பின்னால் போய் அதே இடத்தில் இருந்த இன்னொரு குழந்தை, இப்படி 1788 வரைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவை வரைபடமாகப் போட்டுக் காட்டும். கிரேக்கக் குடும்பம் வரும், ஜெர்மன்காரர் வருவார், கைதிப் பையன் வருவான். சாக்கடைக் கால்வாய் பின்னால் போகப் போகத் தெளிந்த ஓடையாகும். பெரிய மரம் ஒன்று மட்டும் அங்கேயே நிற்கும். முதல் குழந்தையும் பழங்குடி, கடைசிக் குழந்தையும் பழங்குடி.

1988க்குப் பிறகும் இன்னும் பத்திருபது வருஷம் அந்த வரைபடத்தை நீட்டினால் நம்மவர்களும் அதில் இருப்போம். 2023இல் ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கிய விருதான மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருதை வாங்கிய சங்கரி சந்திரனின் நாவல் இதே மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில்தான் நடக்கிறது, ஈழத்திலிருந்து வந்தவர்களின் வீட்டு மௌனம் அதில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

பின்னால் மேசையில் இரண்டு ‘மை பிளேஸ்’ புத்தகமும் வைத்திருக்கிறேன். படப் புத்தகம் பிள்ளைகளுக்கு, மற்றது உங்களுக்கு. ஃபேஸி ஒரு பிரதிதான் இருக்கிறது, முதலில் கேட்பவருக்கு. நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப்போங்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டுவாருங்கள்.